ரசம் ஒழுகாத தூண்டில் பெட்டி

தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்கள் மீன்பிடிப் பெட்டி செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், எங்கள் வீட்டைக் காட்டலாம். பூந்தமல்லியில் அத்தா, அதாவது என் அப்பா, வைத்திருந்தது டிபன் பாக்ஸ் செய்யும் சின்னப் பட்டறை. ஒரே ஒரு மெஷின். சவூதியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று வந்து போட்டது. வேலை சரியாக வரவில்லை. பீரோவின் அடியில் கிடந்த பாஸ்போர்ட் மேல்தட்டுக்கு வந்துவிட்டதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தா என்றால் போனில் வரும் குரல் என்றிருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூரிலிருந்து ஓர் ஏற்றுமதி ஏஜென்ட் வந்து ஒரு போட்டோவைக் கொடுத்தார். வெளிநாட்டில் டிரவுட் என்ற மீனைப் பிடிக்கிறவர்கள், கொக்கியில் இறகைக் கட்டிப் பூச்சி போலச் செய்து ஆற்றில் வீசுவார்களாம். அந்தக் கொக்கிகளைக் குத்தி வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். உள்ளே வெள்ளை ஃபோம், மேலே மூடி. திங்கட்கிழமை ஒரே ஒரு மாதிரி கொடுங்கள் என்றார். பிடித்துப்போனால் வருடம் முழுக்க மெஷினுக்கு ஓய்விருக்காது.

அத்தா இரண்டு செய்தார். ஒன்று போட்டோவில் இருந்தபடி, பக்கவாட்டில் நான்கு துளைகளோடு. மற்றது அவருடைய சொந்த மூளை. துளை கிடையாது, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். எங்கள் பட்டறையில் எந்தப் பெட்டிக்கும் ரசம்தான் பரீட்சை. சாம்பாரைத் தடுக்கிற மூடிகூட ரசத்திடம் தோற்றுப்போகும் என்பது அத்தாவின் அனுபவம். ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே அம்மா இரண்டிலும் ரசத்தை ஊற்ற, அத்தா கவிழ்த்து உலுக்கினார். துளைப் பெட்டி பாயெல்லாம் ரசமாக்கியது. ரப்பர் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

"இதுக்குப் போய் இன்னா மச்சான் யோசனை? ஓட்டைப் பொட்டிய அனுப்சா நம்மள பாத்து சிரிப்பானுங்க" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி.

ரப்பர் பெட்டிதான் என்று முடிவானது. இரண்டிலும் ஃபோம் ஒட்டி ஷோகேஸில் வைத்தார் அத்தா.

வெள்ளிக்கிழமை மழையில் நானும் அம்மாவும் தொப்பலாக நனைந்து வீடு வந்தோம். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றியபோது என் கண் அந்தப் பெட்டிகள்மேல் போனது. ஃபோமில் எதையாவது குத்திப் பார்க்கவேண்டும் என்று இரண்டு நாளாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. நல்ல பெட்டியில் என் ஊக்குகள். ஓட்டைப் பெட்டியில் அம்மாவுடையவை. தாய்ப்பாசம் அவ்வளவுதான். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தவள் சுத்தமாக மறந்துபோனேன்.

திங்கட்கிழமை அத்தா ரப்பர் பெட்டியைத் திறந்தார். என் ஊக்குகள் ஆறும் துருப்பிடித்து, வெள்ளை ஃபோமில் ஆறு செங்கறைகள். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். எனக்கு அடியைப் பற்றிக் கவலை இல்லை. பாஸ்போர்ட்தான் கண்முன் நின்றது.

"போவாதீங்க அத்தா" என்று வீறிட்டேன்.

அத்தா அதைக் காதில் வாங்கவில்லை. மற்ற பெட்டியைத் திறந்தார். அம்மாவின் ஊக்குகள் கடையில் வாங்கிய மாதிரியே பளபளத்தன.

"ரெண்டும் ஒரே மழையில நனைஞ்சதாம்மா?"

அழுகையோடு தலையாட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவின் ஊக்குகளைப் பிடுங்கிவிட்டு, ஓட்டைப் பெட்டியைத் துடைத்து உறையில் போட்டார்.

"மச்சான், அதையா குடுக்கப் போற?" என்று மாமா பதறினார்.

"இதான் போவுது. நீ வண்டிய எடு."

நல்லதை நான் கெடுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் ஓட்டையை எடுத்துப் போகிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அன்றிலிருந்து ஐந்து வேளையும் தவறாமல் தொழுதேன். "யா அல்லாஹ், அந்த ஓட்டை மட்டும் அவங்க கண்ணுல படக்கூடாது" என்பதுதான் என் துஆ. ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. அல்லாஹ் நான்கு துளைகளையும் மறைத்துவிட்டான் என்று நம்பினேன்.

அன்று அத்தா பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்து, முதல் துண்டை எனக்கு ஊட்டினார். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான். மன்னித்துவிட்டார் என்ற நிம்மதியில் அழுதுகொண்டே தின்றேன். அத்தா அதன்பின் எங்களை விட்டு எங்கும் போகவில்லை. இன்றுவரை அதற்காக நான் நன்றி சொல்லாத நாளில்லை.

போன வருடம் என் கணவரிடம் அத்தா பேசிக்கொண்டிருந்தது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. "ஈரக் கொக்கி காயறதுக்குத்தான் அந்த ஓட்டைன்னு எனக்கு எங்க தெரியும் மாப்ள? டிபன் பாக்ஸ் புத்தி! இவ ஊக்கு துருப்புடிச்சதாலதான் பொழச்சேன். இல்லேன்னா சவூதியிலயே கெடந்திருப்பேன்."

அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு அத்தா எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நான்தான் அதை மன்னிப்பு என்று நினைத்து வாங்கித் தின்றிருக்கிறேன்.