வெற்றிலை முதுகுப் பச்சை

ஆத்தூர் வெற்றிலையைக் கவிழ்த்து வைத்தால் அதன் முதுகில் ஒரு பச்சை இருக்கும். முகத்தில் உள்ள பளபளப்பு இல்லாமல், லேசாகச் சாம்பல் தடவியது போல், தொட்டால் குளிர்ச்சியாக. எங்கள் ஜீப்பின் நிறம் அதுதான் என்று அப்பா சொல்வார். வெற்றிலை போடும் பழக்கமே இல்லாத நாசரேத்துக்காரர் அவர். நிறத்தை நிரூபிப்பதற்காகவே கடையில் ஒரு வெற்றிலை வாங்கி வந்து, பானெட்டின் மேல் கவிழ்த்து வைத்து, என்னையும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். நரம்பு மட்டும் தெரியாவிட்டால் இலை எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லியிருக்க முடியாது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, பாக்கு வாங்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்புப் பாதையில் வேறு வண்டி போகாது என்பதால், பட்டாளத்து ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கிச் சரிபண்ணி, பார்த்துப் பார்த்து அந்தப் பச்சையை அடிக்க வைத்திருந்தார். அதை ஓட்டியவர் சூசை அண்ணாச்சி. அவருடைய அப்பா முத்துக் குளித்தவர், அண்ணன் தம்பிகள் சங்கு குளித்தவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டும். "கடலு என்னைய வேண்டாம்னுட்டு பாப்பா, அதாம் ஜீப்புக்கு வந்துட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

உப்பளத்தில் வளரும் பிள்ளை முதலில் கற்பது தண்ணீரின் சாதிகளைத்தான். குடிக்கிற "நல்ல தண்ணி" லாரியில் வரும்; கொட்டகையில் ஒரு டிரம்மில் இருக்கும். பக்கத்திலேயே, கைகால் கழுவவும் மண்வெட்டி அலசவும், பாத்தித் தண்ணீர் இன்னொரு டிரம்மில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் பாத்தித் தண்ணீர்தான் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நல்ல தண்ணீரில் ஒரு செம்பைச் சிந்தினாலும் எங்கள் வீட்டில் அடி விழும். வாரம் ஒருமுறை ஜீப் கழுவ ஒரே ஒரு வாளி மட்டும் சூசை அண்ணாச்சிக்கு அனுமதி உண்டு.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குத்தகை விஷயமாக அப்பா ஒரு வாரம் சென்னைக்குப் போனார். அதே வாரம் சூசை அண்ணாச்சி ஊர்த் திருநாளுக்கு லீவு கேட்டிருந்தார். கிளம்புகிற நாள் விடியுமுன்பே எழுந்து ஜீப்பைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அப்பா திரும்பி வரும்போது வண்டி இன்னும் பளிச்சென்று நிற்க வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். நல்ல தண்ணீரைத் தொடக்கூடாது என்பதில் நான் கெட்டிக்காரி. உப்பு வாரி முடித்த பாத்தியில் மிஞ்சிக் கிடந்த கசப்புத் தண்ணீரைத் தினமும் ஒரு வாளி மொண்டு வந்து, தேங்காய் நாரால் சக்கரம் முதல் பானெட் வரை தேய்தேய் என்று தேய்த்தேன். மத்தியான வெயிலில் அம்மா தூங்கும் நேரம். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் செலவில்லாமல் இவ்வளவு பெரிய வேலை செய்கிறோமே என்ற பெருமை வேறு.

வண்டி மேல் வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்து, அது அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். அப்பா வந்த அன்று வெற்றிலையின் முதுகு இல்லை. வெளிறிய பூசணித் தோல் மாதிரி ஏதோ ஒன்று நின்றது. மூலைகளில் துரு புள்ளி வைத்திருந்தது. அப்பா விரலால் பானெட்டைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். திருநாள் முடிந்து அப்போதுதான் வந்து சேர்ந்த சூசை அண்ணாச்சியைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"சூசை, ரெண்டு டிரம்மும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு, சரி. நாக்கு இருக்குல்லா? ஒரு சொட்டு வச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"

சூசை அண்ணாச்சி மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. இருட்டில், அவசரத்தில், டிரம் மாறித்தான் போயிருக்கும் என்று அவரே நம்பிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த நிமிடமே சொல்லியிருந்தால் இரண்டு அடியோடு போயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சொல்லக் கடினமாக இருந்தது.

அன்று முதல் எந்தத் தண்ணீரைத் தொட்டாலும் சூசை அண்ணாச்சி முதலில் விரலை முக்கி நாக்கில் வைப்பார். ரேடியேட்டருக்கு ஊற்றும் முன், முகம் கழுவும் முன், செடிக்கு ஊற்றும் முன் என்று எல்லாவற்றுக்கும். உப்பளத்து ஆட்கள் அவருக்கு "நாக்கு டிரைவர்" என்று பெயர் வைத்தார்கள். அவர் கூடவே சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

அப்பா அந்தப் பச்சையை மறுபடி அடிக்கவில்லை. துரு ஏறாமல் இருந்தால் போதும் என்று வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்டை வாங்கிப் பிரஷ்ஷால் பூசிவிட்டார். உப்பளம் கைவிட்டுப் போன பிறகு ஜீப் நாசரேத் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. அப்பா காலமாகிச் சில வருடங்கள் கழித்து, போன வருடம்தான், அதைப் பழையபடி ஆக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காயல்பட்டினத்து யாசின் என்பவரைச் சொன்னார்கள். துபாயில் பாலைவன வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

நிறத்தை அளந்து எண் சொல்கிற கருவி ஒன்று யாசினிடம் இருந்தது. ஜீப்பின் மேல் வைத்தால் உடனே எண் வரும். ஆனால் அது இன்றைக்கு இருக்கிற நிறத்தின் எண். "அது பொய் சொல்லாதுக்கா. ஆனா நாம எதக் காட்டுறமோ அதத்தான் படிக்கும். வெயிலும் தண்ணியும் படாத ஒரு இடம் வேணும்" என்றார். அதன்பின் நாங்கள் இரண்டு பேரும் திருடர்களைப் போல ஜீப்பைக் குடைந்தோம். வள்ளத்துப் பெயின்டைச் சுரண்டினால் கீழே நான் தேய்த்த வெளிறல். நம்பர் பிளேட்டைக் கழற்றினால் துரு. டாஷ்போர்டுக்கு அடியில் வெறும் சாம்பல் பிரைமர். ஆத்தூரிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்து யாசினிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் மேலும் கருவியை வைத்துப் பார்த்தார். கொழுந்துக்கு ஒரு எண், முற்றலுக்கு ஒரு எண், வாடியதற்கு இன்னொன்று. "உங்க அப்பா எந்த இலையப் பாத்தாகன்னு யாருக்குத் தெரியும்" என்று சிரித்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் காலியாகக் கிடந்த சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு டூல்ஸ் பெட்டி இருந்திருக்க வேண்டும், அதன் மூடிக்கு உள்பக்கம் அந்த நிறம் அப்படியே இருக்கும் என்றார்.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போகும்போது சூசை அண்ணாச்சி அப்பாவிடம் கேட்டு வாங்கிப்போனது அது ஒன்றைத்தான்.

கடற்கரைத் தெருவில் மகன் வீட்டில் இருந்தார். கண் மங்கியிருந்தது, ஆனாலும் என் குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார். நான் கேட்டதும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவரே இழுத்தார். உள்ளே ஜெபமாலை, பழைய லைசென்ஸ், ஒரு ஸ்பேனர். மூடியைத் திறந்ததும் உள்பக்கத்தில் அந்தப் பச்சை, வெற்றிலையின் முதுகு, ஒரு கீறல் இல்லாமல்.

"இதுதாம் பாப்பா அந்தக் கலரு. நாங் கெடுத்தது" என்றார்.

மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கேட்ட பிறகு முடியவில்லை. பாத்தி, வாளி, தேங்காய் நார், ஆறு நாள் மத்தியானம், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பம் அன்னைக்கு நாங் கழுவுனது நல்ல தண்ணியா?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கழித்து, "ஐயாட்ட சொல்லிருக்கலாம்லா. அவரு போயிட்டாரு. இனி யாரு போயி அவருட்டச் சொல்லுவா?" என்றார். மூடியைக் கழற்றித் தந்தார். திருப்பித் தந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பெயின்ட் காய்ந்ததும் முதல் ஓட்டமாக ஜீப்பை அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். வழியில் எங்கள் உப்பளம் இருந்த இடத்தைத் தாண்ட வேண்டும். பாத்திகள் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் மாடி மாடியாக அடுக்கியிருக்கின்றன. வரப்பும் இல்லை, இரண்டு டிரம்கள் இருந்த கொட்டகையும் இல்லை, "நாக்கு டிரைவர்" என்று கூப்பிட்டவர்களில் ஒருவரும் இல்லை. துறைமுகத்து லாரிகள் கிளப்பிய தூசியெல்லாம் புதுப் பச்சையின் மேல் வந்து உட்கார்ந்தது.

மூடியைப் பெட்டியோடு பொருத்திக் கொடுத்தேன். சூசை அண்ணாச்சி வண்டியைச் சுற்றிவந்து கையால் பார்த்தார். தூசி தட்டுப்பட்டதும் மகனிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். வாளி வந்தது. அவர் விரல் பழக்கத்தில் தண்ணீருக்குப் போய், பாதியில் நின்றது. வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். என்றைக்கும் பாப்பா என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவர், சொந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல, "ஏளா, இன்னைக்கு நீ பாத்துச் சொல்லு" என்றார்.

விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

"நல்ல தண்ணிதான் அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் துணியை நனைத்தார்.