காசியம்மாளின் கிரைண்டர் உள்ளே போன கதை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இட்லிக்கடை வைத்திருக்கும் காசியம்மாள், மழை வந்தால் தனக்குக் குடை பிடிக்க மாட்டார். வாசலில் நிற்கும் கிரைண்டருக்குப் பிடிப்பார். அது இருக்க வேண்டிய அறையில் விமல்ராஜ் இருந்தான்.

அவன் கடலை வண்டிக்காரன். "அக்கா, இந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும் தங்கிக்கறேங்க்கா" என்று வந்தவன். பாவம் பார்த்து, வாடகைகூடப் பேசாமல் விட்டார். நிலா தேய்ந்தது, வளர்ந்தது, அவன் மட்டும் நகரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தான் வாடகைதாரன், தன்னைக் காலி செய்யக் கூடாது என்று கோர்ட்டில் அவனே கேஸ் போட்டான். அறைக்குச் சொந்தக்காரிக்கே சம்மன்!

காசியம்மாள் கடப்பாரையைத் தூக்கினார். பூட்டுக்குள் சுவிங்கம் திணிக்கவும் ஊரில் ஒரு ஆள் தயாராக இருந்தது. பெயர் எதற்கு? இரண்டையும் தடுத்தவர் வக்கீல் ரேவதி.

"பூட்டைத் தொட்டீங்கன்னா, அடாவடியா காலி பண்றீங்கன்னு அவன் சொல்றது நெஜமாயிடும்மா. முப்பது நாளுக்குள்ள எழுத்துல பதில் குடுக்கணும். இல்லன்னா அவன் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பாயிடும்."

"அவ்ளோதானே? எழுதிக்க" என்று காசியம்மாள் வாயைத் திறந்தார். நாலாவது வார்த்தையில் ரேவதி பேனாவை மூடிவிட்டார்.

"இதையெல்லாம் எழுதினா உங்க மேல இன்னொரு கேஸ் வரும். அவன் வாடகைக்கு வரலைன்னு காட்ட ஏதாவது இருக்குதா?"

"என்னா இருக்குது? மாசாமாசம் போன்ல பொய் சொல்வான். அதான் இருக்குது."

போனை வாங்கிப் பார்த்தார் ரேவதி. ரோஜாப்பூ குட்மார்னிங் படங்களுக்கு நடுவே, ஒவ்வொரு பௌர்ணமிக் காலையும் ஒரு செய்தி: 'அக்கா அடுத்த பௌர்ணமிக்குக் கண்டிப்பா காலி பண்ணிடறேன்.' பக்கத்தில் ஒரு முழு நிலா. எண்ணினால் இருபத்து மூன்று நிலா.

ரேவதி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அத்தனையும் பதிலுரையோடு கோர்ட்டுக்குப் போயின. கூடவே, அறையைக் காலி செய்து தரச் சொல்லி எதிர்க் கோரிக்கையும்.

அப்புறம் ஒன்றரை வருஷம் வாய்தா மேல் வாய்தா. காசியம்மாள் ஒன்றைக்கூட விடவில்லை. போகும்போதெல்லாம் தூக்குவாளியில் இட்லி. கோர்ட் வாசலில் பட்டினியாக நின்ற விமல்ராஜுக்கும் நாலு வைத்தார்.

"தின்னுட்டுப் போயி பொய் சொல்லுடா."

கடைசியில் நீதிபதி அவனைக் கேட்டார்: "இதெல்லாம் நீங்க அனுப்பினதா?"

"ஆமாங்கய்யா."

"எந்தப் பௌர்ணமியைச் சொன்னீங்க?"

விமல்ராஜ் மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு காசியம்மாள் பக்கம். கொடுத்த கெடு முடிந்தும் அவன் கிளம்பவில்லை. மறுபடி மனுப் போட்டு உத்தரவு வாங்கிய ரேவதி போன் செய்தார்: "நாளைக்கு அமீனா வந்து சாவி வாங்கித் தருவாங்க."

யாரோ ஒரு அம்மா தனக்காக அவ்வளவு தூரம் வருகிறாரே என்று காசியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. மூன்று முழம் மல்லி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தார்.

மறுநாள் பைக்கில் வந்து இறங்கியது ஒரு முரட்டு மீசை.

"அமீனா அம்மா வரலீங்களா?"

"நாந்தாம்மா அமீனா."

காசியம்மாள் மீசையைப் பார்த்தார், கையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"அது கோர்ட் உத்தியோகம்மா. பேரு இருசப்பன்" என்றார் அவர். இதுபோல நிறைய பூ பார்த்தவர் போலிருந்தது.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் விமல்ராஜ் மூட்டையை வண்டியில் ஏற்றினான். சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ராத்திரிக்கு மட்டும் வண்டியை உங்க கடை ஓரமா நிறுத்திக்கட்டுமா?"

காசியம்மாள் கிரைண்டரை உள்ளே தள்ளினார். தள்ள அவனும் ஒரு கை கொடுத்தான். அது தன் மூலையில் உட்கார்ந்ததும் மூன்று முழத்தையும் அதன் கழுத்தில் சுற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த பௌர்ணமிக்குக் கண்டிப்பா சொல்றேன்டா."