தராசில் ஏறாத மீன்

வீட்டுக்கு வந்த மறுவாரமே அண்ணி குழம்பில் மீனைக் குறைத்துவிட்டாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் அது சின்னக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் எது இல்லாமல் இருந்தாலும் மீன் இல்லாமல் இருந்ததில்லை. சட்டிக்குள் அகப்பையை விட்டுத் துழாவிப் பார்த்த அம்மா, மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். மீதி மீன் எங்கே என்று கேட்டதற்கு அண்ணி கூரையைக் கைகாட்டினாள். அங்கே பழைய வலைத்துண்டின்மேல் காரப்பொடி மீனும் மடவை மீனும் உப்புப் பூசிக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தன. காக்காய் விரட்ட அவள் என்னைத்தான் பிடித்து உட்கார்த்தியிருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போக அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. நைனா இறந்தபோது அண்ணனுக்கு ஒரு படகையும் இரண்டு வலையையும் விட்டுவிட்டுப் போனார். கூடவே இறால் வியாபாரியிடம் வாங்கிய கடனையும். அந்த வியாபாரியை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டோம். அவரிடம் முன்பணம் வாங்கியவன் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் தராசில்தான் போடவேண்டும். வேறு ஆளுக்கு விற்கக் கூடாது. என்ன விலை என்றும் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் கடன் வாங்கிய வாய் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எடை போட்டுவிட்டு அவர் சொல்வதே விலை. அதில் கடனுக்குப் பிடித்தது போக மீதியைக் கொடுப்பார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி வருவார்கள்.

என் அண்ணன் ரோஷக்காரன். தை, மாசியில் இறால் கொழிக்கும்போது கையில் காசு புரளும். உடனே அதை அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் கொட்டிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வருவான். பாதிக் கடன் தீர்ந்தது என்று அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றுவாள். பிறகு ஐப்பசி வரும். புயலும் மழையுமாக ஏரி கொந்தளிக்கும், படகு கரையிலேயே கிடக்கும், வீட்டில் அடுப்பு எரியாது. எட்டு மாதம் முன்பு மீசையை முறுக்கியவன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு அதே முதலாளி வீட்டுக்குப் போய் நிற்பான். பழைய குருடி கதவைத் திறடி. எங்கள் குப்பத்தில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். ஊரே செய்ததால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அண்ணிக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகு கரைக்கு வந்ததும், தராசு தூக்குவதற்கு முன்பே, வீட்டுக் குழம்புக்கென்று ஒரு பங்கு மீனை ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். எவ்வளவு கடன் இருந்தாலும் அந்தக் கறிமீனில் எந்த வியாபாரியும் கை வைக்கமாட்டான். எங்கள் உழைப்பில் எங்களுக்கே சொந்தமானது அந்த ஒரு பங்குதான் என்று அண்ணி கண்டுகொண்டாள். அதில்தான் பாதியைக் குழம்பு வைத்து, மீதியைக் கருவாடாக்கி, சந்தையில் விற்று, காசை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் வருஷம் அண்ணன் அந்த டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான். கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய், வழக்கம்போல முதலாளியிடம் கட்டிவிட்டு நிமிர்ந்த நெஞ்சோடு வந்தான். அந்த ஐப்பசியில் அதைப்போல இரண்டு பங்கு வாங்கவேண்டி வந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். கொடுக்கும்போது, அடுத்த தடவை கேட்டு வந்தால் தங்கச்சியை இறால் உரிக்க ஷெட்டுக்கு அனுப்பவேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

தங்கச்சி நான்தான். எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஷெட்டுக்குப் போன பெண்களின் விரல்களை எனக்குத் தெரியும். ஐஸ் தண்ணீரில் ஊறி, இறால் முள் குத்தி, தோல் வெள்ளையாக உரிந்து கிடக்கும். ஒருத்தியும் அங்கிருந்து மறுபடி பள்ளிக்கூடம் வந்ததில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அண்ணி என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

"கடன் மழைலதான்யா பொறக்குது. நீ வெயில்ல கட்டிக்கினு கீற. மொதல்ல மழைய தாண்டு. அப்பால கட்டு."

அண்ணனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. கடனை வைத்துக்கொண்டு காசு சேர்ப்பதா, அது நாணயமா என்று கத்தினான். அடுத்த தை பிறந்ததும் அண்ணி கருவாட்டுக் கூடையோடு படகேறி ஏரியைத் தாண்டினாள். ஆரம்பாக்கம் பக்கம் அப்போது அறுவடை. களத்துமேட்டில் கருவாட்டைக் கொடுத்து நெல்லாக வாங்கினாள். வாங்கிய நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அங்கே சிநேகமாகிவிட்ட ஒரு நெல்காரர் வீட்டு அக்காவின் குதிரிலேயே போட்டுவைத்தாள். நடுவில் ஏரி கிடந்தது. அண்ணன் கைக்கு எட்டாது, அம்மாவின் இரக்கத்துக்கும் எட்டாது. இதைவிடக் கெட்டியான பூட்டு இல்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷம் காக்காய் விரட்ட நானாகவே உட்கார்ந்தேன்.

கெட்டிக்காரி ஒன்றை மறந்திருந்தாள். ஐப்பசியில் புயல் வந்தது. எந்த மழைக்காக நெல்லைச் சேர்த்தாளோ, அந்த மழையே ஏரியைக் கடக்க முடியாமல் செய்துவிட்டது. அக்கரையில் நெல், இக்கரையில் பசி. அண்ணன் வாய்விட்டுக் குத்திக்காட்டவில்லை, அதுவே பெரிசு. வீட்டிலிருந்த நொய்யும் தீர்ந்த அன்று காலையில், அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், இறங்கி நடை. பஸ் ஓடுகிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது. நாளைக்குள் வந்துவிடுவேன், அதுவரை யாரிடமும் கை நீட்டாதே என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் ஆகியும் அவளைக் காணோம். முதலாளி வந்துவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் நாங்கள்தான் அவரைத் தேடிப் போவோம். இந்தத் தடவை நாங்கள் போகாததே அவருக்கு உறுத்தியிருக்கவேண்டும். குடை பிடிக்க ஓர் ஆளோடு உள்ளே வந்து, மணைப் பலகையில் உட்கார்ந்து, ரூபாய் நோட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார்.

"தை பொறந்ததும் பொண்ண ஷெட்டுக்கு அனுப்பிடு. கூலிய கடன்ல கழிச்சிக்கலாம்."

அம்மா அழுதாள். நான் கதவோரம் நின்று அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த நோட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். கை நீளவில்லை. மழை விட்டதும் சொல்கிறேன் என்று இழுத்தான். மழை விட்டால் நான் எதற்கு என்று முதலாளி சிரித்தார். அண்ணன் எவ்வளவு நேரம் தாங்கினான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தாங்கினான். அவன் ரோஷத்துக்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை கிடைத்தது.

அண்ணி தெப்பலாக நனைந்து வந்தாள். முழங்கால்வரை சேறு. தலையில் பாலிதீன் சுற்றிய அரிசி மூட்டை. குதிர் நெல்லில் பாதியை அங்கேயே அரிசியாக்கியிருந்தாள். மழைக்காலத்தில் நெல் விலை ஏறியிருந்ததால், மீதியை விற்ற பணம் முந்தானையில் முடிந்திருந்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினாள்.

"மழையில இம்மாந்தூரம் வந்துகினீங்க முதலாளி. துட்டு வாணாம், எடுத்துக்கினு போங்க."

"புயலு எத்தினி நாளு அடிக்குமோ, யாரு கண்டா?" என்றார் அவர்.

"அடிக்கட்டும். அரிசி கீது."

முதலாளி நோட்டுகளைத் திரும்ப எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்ததை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடன் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அந்த மழையில் அது வளரவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அன்றைக்கு எங்களுக்கு வந்த சந்தோஷம் கல்யாண வீட்டில்கூட வந்ததில்லை. அம்மா மருமகளின் தலையைத் துவட்டிவிட்டாள்.

நான் படித்தேன். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். அங்கேயும் பண்டிகைக்குப் பண்டிகை அட்வான்ஸ் கேட்டு வரிசை நிற்கும். போனஸ் வந்தால் கடனைக் கட்டுவதா, கையில் வைப்பதா என்று யாராவது என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் மழை எந்த மாதம் பெய்யும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒருவருக்கு அது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன். இன்னொருவருக்கு அம்மாவின் ஆஸ்துமா கிளம்பும் மார்கழி. அதற்கு முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைக் கட்டுங்கள் என்பேன். பெரிய படிப்பு படித்துச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

அந்தப் புயலோடு எங்கள் வீட்டில் புதுக்கடன் நின்ற பிறகு பழைய கடனுக்கு ஆயுள் இல்லை. அடுத்தடுத்த இறால் பருவங்களில் பிடிபட்டதெல்லாம் அசலில் கழிந்தது. மாசி மாதம் ஒரு காலையில் அது தீர்ந்தே போனது. மறுநாள் படகு கரையேறியதும் முதலாளியின் ஆள் வழக்கம்போலக் கூடையைத் தராசுப் பக்கம் இழுத்தான். அண்ணன் கூடையின்மேல் கை வைத்தான்.

"இன்னிக்கு இன்னா ரேட்டு முதலாளி?"

கரையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி ஒரு விலை சொன்னார். கொஞ்சம் தள்ளி, மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஒருவன் வேனை நிறுத்திவிட்டுத் தராசோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணன் அங்கே பார்த்தான். முதலாளி குரலைத் தணித்து இன்னும் ஒரு ரூபாய் ஏற்றிச் சொன்னார். பத்தாது என்று அண்ணன் தலையை ஆட்டினான். அண்ணி வந்து கூடையின் மறுபக்கம் கை கொடுத்தாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு அடுத்த தராசுக்கு நடந்தார்கள்.