நடுவீட்டுப் புகைபோக்கி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தங்கமான மனிதர் என்று ஒஸ்லோத் தமிழர் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். நான் மூன்று கிழமை இருந்து கட்டிய வீட்டைப் பாண் வெட்டும் கத்தியால் அறுத்தவர் அவர். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் வகுப்பில், பழைய காலத்து வீடு ஒன்றை ஒவ்வொருவரும் அட்டையில் செய்துவர வேண்டும் என்றார் ஆசிரியை. நல்லவை ஐந்து நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். மற்றவர்கள் மரக்குற்றி அடுக்கிய நோர்வே வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ புத்தகத்தில் பார்த்த ஓர் இங்கிலாந்து வீட்டில் கண். சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவனின் வீடு அது. அதன் கெட்டித்தனம் முழுவதும் நடுவில்தான் இருந்தது. கதவைத் திறந்தால் நேரே பருத்த செங்கல் புகைபோக்கி. இடப்பக்கம் சமைத்துச் சாப்பிடும் பெரிய அறை, வலப்பக்கம் விருந்தினர் அறை. இரண்டு அறைகளின் அடுப்புக்கும் அந்த ஒரே புகைபோக்கி. அதை ஒட்டியே படிக்கட்டு ஏறும். மேலே படுப்பவர்களுக்கும் அந்தச் சூடுதான்.

ஐஸ்கிரீம் குச்சிகளைக் கோப்பியில் ஊறவைத்துக் கறுத்த மரச்சட்டங்கள் செய்தேன். இடைவெளிகளில் பல்லுக்குத்தும் குச்சிகளைப் பின்னி, கோதுமை மாவும் மணலும் குழைத்துப் பூசினேன். சிவப்புக் காகிதத்தை நகத்தளவு செங்கற்களாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள், நீச்சல் வகுப்பு முடிந்து ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் மாமா, கையில் கத்தி. பக்கத்தில் அவருடைய கைத்தொலைபேசி திசை காட்டிக்கொண்டிருந்தது. என் புகைபோக்கி ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருந்தது.

"நடுவீட்டிலை நெருப்பு வைக்கக் கூடாது பிள்ளை. அது பிரமஸ்தானம். அக்கினி மூலையிலை வைச்சிருக்கிறன், இனிப் பயமில்லை" என்றார், நான் நன்றி சொல்லப்போகிறேன் என்பதுபோல.

"மாமா, இது அட்டை வீடு! மேசையைத் திருப்பினால் உங்கடை மூலையும் திரும்பும்!"

"மூலை திரும்பட்டும். நடு எப்பவும் நடுதானே? அதுக்குத்தான் அங்கையிருந்து எடுத்தனான்."

அட்டை வீட்டுக்கு வாஸ்து பார்த்த மனிதரை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? கத்தினேன், அழுதேன். "விடு பிள்ளை, மாமாவோடை வாய் காட்டாதை" என்று அம்மா என்னைத்தான் அடக்கினார். புகைபோக்கியைப் பிடுங்கப் பார்த்தேன். பசை இறுகிவிட்டிருந்தது, இழுக்க இழுக்கச் சுவரும் சேர்ந்து வந்தது.

மறுநாள் வகுப்பில் என் படிக்கட்டு ஒரு வெறும் ஓட்டையைச் சுற்றி ஏறியது. மேல் அறையில் படுப்பவர்கள் குளிருக்கு என்ன செய்வார்கள் என்று ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மாமா வாஸ்து பார்த்த கதையை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது? நானே பிழையாகச் செய்துவிட்டேன் என்றேன். கண்ணாடிப் பெட்டிக்கு வேறு ஐந்து வீடுகள் போயின.

அன்று பின்னேரம் மாமா மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்னவாம் டீச்சர்?" என்று ஆவலாகக் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களுக்கு இடிக்க ஆசையெண்டால் உங்கடை குசினியைப் போய் இடியுங்கோ!"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு மாமியோடு இறங்கிப் போய்விட்டார்.

பத்து வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா சொன்னார். நான் அட்டை வீடு செய்த அந்த மாதம்தான் மாமியின் வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிருந்தது, இரண்டாவது முறையாக. எல்லிங்ஸ்ருட்டில் அவர்கள் வீட்டு அடுப்பு நட்டநடுவில் இருப்பதுதான் காரணம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சாத்திரியார் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால்! குசினிச் சுவரை இடித்து அடுப்பை மாற்ற மாமா அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். குழாய்கள் அதன் வழியாகப் போகின்றன, தொடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் இரண்டு வரியில் மறுத்துவிட்டதாம்.

மாமா மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. இதை அப்போதே சொல்லாத அம்மா மேல் அதைவிடக் கோபம். ஆனால் அன்று அவர்கள் இருவரும் பேசாமல் படியிறங்கிப் போக, மாமாவையே வாயடைக்க வைத்துவிட்டேன் என்ற பெருமையோடு, அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே கதவை அடித்துச் சாத்தியவள் நான்.