செங்கோட்டையைத் தாண்டாத பொங்கல்படி

அந்தக் காலத்தில் அரசாங்கத்தைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் குற்றாலத்துப் பெரிய அருவிக்கு அடியில் நின்றுதான். அங்கே கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனைத் தவிர யாருக்கும் கேட்காது.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திர வாத்தியார். வாத்தியார்கள் அரசியல் பேசக் கூடாது என்று நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. போதாக்குறைக்கு, சீனாக்காரன் படையெடுத்து வந்தபோது டில்லியில் போட்ட நெருக்கடி நிலை, அவன் திரும்பிப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அப்படியே இருந்தது. யாரை எதற்காகப் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. சம்பளத்தை நம்பியிருக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், வயிறு எரிந்துகொண்டே.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. மனுஷனை அவன் பாட்டுக்கு இருக்க விட வேண்டும், சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் என் கொள்கை. இதை வைத்துக்கொண்டு ஒரு வார்டு தேர்தலில்கூட டெபாசிட் வாங்க முடியாது. ஆளும் கட்சிக்கு எதைத் தொட்டாலும் பெர்மிட், லைசென்ஸ். எதிர்த்தரப்பு மேடையில் பேசும் தமிழைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் அரிசிக்கு என்ன வழி என்று கேட்டால் அவர்களும் சர்க்காரே வாங்கும், சர்க்காரே கொடுக்கும் என்றுதான் சொன்னார்கள். பூட்டை மாற்றுவதாகச் சொன்னார்களே தவிர, கதவைத் திறப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா கதர்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். இந்த சர்க்காரைத் தான் பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்தார். என்னைக்கூட அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். இனி எல்லையும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எல்லை எங்கே போயிற்று? சில மைல் மேற்கே தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது. சில வருஷம் கழித்து, கேரளத்துக்கு ஒரு படி அரிசிகூடப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரே நாடு, ஒரே மக்கள் என்று நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் என் தங்கையைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அங்கே மில்லில் வேலை. தமிழ்க் குடும்பம், நல்ல மனுஷர்கள், ஆனால் ரேஷன் அரிசி வாரத்தில் பாதி நாளுக்குக்கூடக் காணாது. மீதி நாளெல்லாம் சோற்றுக்குப் பதில் மரச்சீனிக்கிழங்கு. மார்கழியில் வீட்டுக்கு வந்தவள் கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். அம்மா சோறு போட்டால் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

"எங்க அத்தை சொல்லித்தான் அனுப்பியிருக்காங்கம்மா," என்றாள். "பொங்கலுக்கு உங்க வீட்டு அரிசியிலதான் இங்கன எல்லாரும் வயிறாரச் சோறு திங்கணும்னு. வீட்டுல எல்லாரும் அதையேதான் பேசிக்கிட்டு இருக்காங்க."

தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து பொங்கல்படி போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு பெண் மாமியார் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வெண்கலப் பானை, கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு எல்லாம் போகும். ஆனால் பச்சரிசி இல்லாமல் படி ஏது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அப்பாவும் நானும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவிக்கு அடியில் நின்று நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம கடையத்து வயல்ல விளைஞ்ச நெல்லு. நம்ம புள்ளைக்குக் குடுக்கதுக்கு எவன்கிட்டப்பா கேக்கணும்?"

"ஏலே, கத்தாத. ஆளாளுக்கு வாரிக்கிட்டுப் போனா மெட்ராஸ்ல ரேஷனுக்கு எங்க போவான்? ஏழை என்னத்தத் திங்கான்?"

"அங்கன இருக்கவன் ஏழை இல்லையா? உம்ம மக என்னத்தத் திங்கா?"

அப்பா தலையைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டார். வெளியே வந்து துவட்டும்போது, "அந்தச் சட்டம் யாவாரிக்குலே. சீரு வேற, யாவாரம் வேற. பொங்கப்படியை எவன் நிப்பாட்டுவான்?" என்றார். அதை அவர் நிஜமாகவே நம்பினார். தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். மகளுக்குச் சீர் கொண்டுபோக ஆபீசில் போய் நிற்பதா என்று கோபப்பட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா, நான், தங்கை மூவரும் ரயில் ஏறினோம். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அந்த ரயிலில் இருந்தது. பெட்டியில் பாதிப் பெண்கள் சேலைக்கு அடியில் இடுப்பைச் சுற்றி அரிசிப் பையைக் கட்டியிருந்தார்கள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்தார்கள். அப்பா மட்டும் மஞ்சள் குலை கட்டிய பானையில் விளிம்புவரை அரிசி நிரப்பி, அதன் வாயைக்கூட மூடாமல், எல்லாரும் பார்க்க பெஞ்சின் நடுவில் வைத்திருந்தார். தங்கை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செங்கோட்டையில் சோதனைக்கு ஏறிய அதிகாரி என் வயசுக்காரர். பானையைப் பார்த்தார், தங்கையின் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து அப்பாவின் காதருகே மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு துணியைப் போட்டு மூடி பெஞ்சுக்கு அடியில தள்ளிருங்க. நான் இந்தப் பக்கம் பாக்கல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு மூடணும்? நான் என்ன களவாண்டா கொண்டு போறேன்? கொண்டு போகலாமா கூடாதா, அதைச் சொல்லும்."

"அப்படிக் கேட்டா, கூடாதுதான் அண்ணாச்சி."

"சீருன்னாலுமா?"

"சீருன்னு சட்டத்துல ஒண்ணும் இல்லையே."

அப்பா எழுந்து, "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு ஒரு சட்டம்? எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று சொல்லி, தங்கையின் கையை விலக்கிப் பானையைத் தூக்கினார். பிளாட்பாரத்தில் இறங்கி, பறிமுதல் அரிசிக்காக வைத்திருந்த சாக்கில் கடைசி மணிவரை கவிழ்த்தார். அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் கையை நீட்டியபடி நின்றார்.

அப்பா பானையைத் தூக்கியபோதே அவர் கையைப் பிடித்துத் தடுக்க நான் எழுந்திருந்தேன். என்ன சொல்லித் தடுப்பது? சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்பது என் வசனம். மந்திரிகளையும் அவர்கள் மச்சான்மார்களையும் திட்டும்போதெல்லாம் நான் அருவியில் நின்று கத்தியது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக இன்று ஒரு நாள் அதை ஒதுக்கி வையுங்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அந்தச் சட்டம் முட்டாள்தனமானது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டும் சரியாக இருந்தன, இரண்டுக்கும் நடுவில் நான் அசைய முடியாமல் நின்றேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

ரயில் கிளம்பியது. இடுப்பில் அரிசி கட்டிய பெண்கள் எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஆரியங்காவுக் குகைப் பாதையைத் தாண்டியது. பிறகு தங்கைதான் பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் சர்க்காரைப் பத்தி எவ்வளவோ பேசுதீங்க. நான் அங்கன போயி என்ன பேசணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அப்பா கரும்புக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் பானையில் நெகிழ்ந்திருந்த மஞ்சள் குலையைச் சரிசெய்தேன்.

புனலூரில் வாசலுக்கே வந்து அவள் மாமியார் எங்களை வரவேற்றார். பானையை இரண்டு கையாலும் ஆசையாக வாங்கினார். வாங்கியவுடன், கனமில்லாததால், கை தானாக மேலே போயிற்று. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கீழே வைத்தார். என்ன நடந்தது என்று நான் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன தம்பி, உக்காருங்க. கிழங்கு அவிச்சிருக்கேன்," என்றார் எங்களிடம். தங்கையிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்கால ரயிலில் அப்பாவும் நானும் ஊருக்குத் திரும்பிவிட்டோம். விடிந்தால் பொங்கல், அந்தப் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டியவள் அவள்.