குப்பியில் அடைபட்ட கொயினா

இன்று கல்லூரி மருந்துக் கொட்டகையில் இருந்தவர்கள்: ரசாயன வாத்தியார் தேவசகாயம், மருந்துக் கம்பெனி முத்தையா, அவர்களிடம் வேலை பார்க்கும் என் மருமகன் சங்கரன், குளிர்காய்ச்சலில் உதறும் என் மகள் வள்ளி, நான்.

கல்லூரியும் கம்பெனியும் கூட்டாகக் காய்ச்சிய குளிர்காய்ச்சல் மருந்தான கொயினா, சட்டியில் கற்கண்டு போல விளைந்திருந்தது. ஊரில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

"ஒரு சிட்டிகை தாங்கய்யா" என்றேன்.

"கம்பெனிக்காரர் சம்மதிக்கணும்" என்றார் வாத்தியார்.

"வாத்தியார் சோதிக்காம தொடக்கூடாது, ஆச்சி" என்றார் முத்தையா.

"சேர்ந்து காய்ச்சத் தெரியுது. சேர்ந்து கொடுக்கத் தெரியலையோ?"

வள்ளிக்குப் பல் கிட்டியது. மருமகன் கொயினாவைக் குப்பியில் அடைத்தபடியே, "சத்தம் போடாதீய அத்தை, ஐயாமார் பேசுதாவ" என்றான்.

வெறுங்கையோடு திரும்பினோம். வள்ளி இன்னும் நடுங்குகிறாள்.

அவர்கள் இருவரும் அயலார். தாலி கட்டியவன் இவன்தானே? நீங்களே சொல்லுங்கள். யார் என்ன சொன்னாலும் சங்கரனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.