எடுத்து வைத்த பாதி

மாங்கெரேயில் உள்ள சமோவாத் தீவுக்காரர்களின் கிறிஸ்தவ சபையில் மதலேனா போதகரின் மனைவி. வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்க வேண்டும், பாட்டுக்கு முதல் ஆளாக எழ வேண்டும், உட்காரும்போது முகம் சுளிக்கக் கூடாது. இடது முழங்கால் தேய்ந்துபோனவளுக்கு இது என்ன பாடு என்று எந்தப் பாட்டுக்காரருக்கும் தெரியாது. மூட்டு மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்து இரண்டு வருடமாகிறது. "நூத்திப் பத்துக் கிலோவுக்குக் கீழ வாங்கம்மா, தேதி தர்றோம்" என்றார் டாக்டர். வரும் செவ்வாய்க்கிழமை எடை பார்ப்பார்கள். அன்றும் இறங்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

இந்தக் காலோடுதான் நான்கு மாதத்துக்கு முன்பு சபை மண்டபத்தில் எடை குறைக்கும் வகுப்பைத் தொடங்கினாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்ட, பெண்கள் பூப்போட்ட சட்டைகளில் தரை அதிர ஆடுவார்கள். சாப்பாட்டுக்கு அவள் சொன்னது ஒரே விதி: "சமைக்கிறதைச் சமைங்க. உக்காருறதுக்கு முன்னாடி பாதியை எடுத்து வெச்சிடுங்க."

இந்தச் சனிக்கிழமை மாலை, பரிசளிப்பு. விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் பெபே பதினெட்டுக் கிலோ குறைத்திருந்தாள். கைதட்டல் அடங்கும் முன்பே பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள். "பாஸ்டரம்மாவும் எடை மிஷின்ல ஏறணும்!"

ஏறினாள். நூற்றுப் பத்தொன்பது. தொடங்கிய நாளைவிட மூன்று கிலோ கூடுதல்.

"ஊருக்குத்தான் உபதேசமா, பாஸ்டரம்மா?"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். எடை ஏறாமல் என்ன செய்யும்? நான்கு மாதமாக அவள் வீட்டுக்குப் பாத்திரம் வராத நாளில்லை. கொண்டு வருபவர்கள் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். போதகருக்குச் சிறுநீரகக் கோளாறு, உப்பில்லாத கஞ்சிதான். தொடாமல் திருப்பி அனுப்பினால் கொடுத்த குடும்பத்தைக் கன்னத்தில் அறைந்த மாதிரி.

கூட்டம் கலைந்ததும் பெபே ஒரு பாத்திரத்தோடு வந்தாள். "இந்தாங்கம்மா, இன்னிக்கு எங்க பாதி."

"என்ன பாதி?"

"நீங்கதானே எடுத்து வெக்கச் சொன்னீங்க? சாப்பாட்டைக் குப்பையில கொட்ட முடியுமா? நல்ல துண்டாப் பாத்து முதல்லயே எடுத்துடுவோம். எங்க பாஸ்டரம்மாவை விட்டா வேற யாருக்குக் குடுப்போம்? பதினெட்டு வீட்டுலயும் அப்படித்தான், முறை போட்டு மூணு நாளைக்கு ஒருதரம் கொண்டாரோம்."

அடப் பாவிகளா! சபை இறக்கி வைத்த எடையெல்லாம் எங்கே போயிற்று என்று மதலேனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இனிமேல் கொண்டு வராதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க வாங்கிக்கிறதாலதாம்மா எங்களால முடியுது" என்றாள் பெபே. "வீட்டுல இருந்தா விடுவோமா? பொழுது சாயறதுக்குள்ள சட்டியை வழிச்சுருவோம். போன வருஷம் சர்க்கரை வியாதியால என் கால் விரலை எடுக்கணும்னாங்க. இப்பப் பாருங்க!" செருப்பைக் கழற்றிக் காட்டினாள். ஐந்து விரலும் இருந்தன.

மதலேனா அந்தப் பாதத்தைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றாள். அதற்குள் பெபே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூடு ஆறிடும்மா."

தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை, பக்கத்தில் கொழுப்போடு பன்றிக்கறி. மதலேனா ஒரு வாய் எடுத்தாள். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

"செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியாமே? அன்னிக்கும் எங்க முறைதான். எத்தனை மணிக்குப் போறீங்க? பசியோட போகாதீங்க, அதுக்கு முன்னாடியே கொண்டாந்துடறேன்."

மதலேனா வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"பத்து மணிக்கு" என்றாள்.